கோடு விழுந்த பீப்பாய்

பெங்களூர்ப் பேருந்து பூந்தமல்லியில் நின்றபோது தெருவிளக்குகள் அணைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கிருஷ்ணப்பிரியா தோள்பையை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கினாள். பைக்குள் இரண்டு சுடிதார்களுக்கு நடுவில், துண்டில் சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. ஓசூர் சோதனைச் சாவடியில் வண்டி நின்ற நேரம் முழுக்க அவள் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. நல்லவேளை, யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை.

எதிர்ப்புறத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தமிழரசு வந்தான். பையை வாங்குவதற்கு முன்னால் தன் முகத்தை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து மெல்ல ஊதினான். இஞ்சி மொரப்பா வாசனை.

“போதுமா?”

“போதும் மாமா.”

பூக்கூடையோடு நடைபாதையில் உட்கார்ந்திருந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. “காலங்காத்தால நடுரோட்ல இன்னா நைனா இது?”

“என் பொண்டாட்டி, என் மூச்சு. உனுக்கு இன்னாக்கா கஸ்டம்?” என்று சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினான். அதன் எடை தெரிந்ததும் சிரிப்பு குறைந்தது. “இன்னாது உள்ள?”

“ஊட்டுக்குப் போய்ச் சொல்றேன்.”

தமிழரசு குடியை விட்டு மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. விட்ட புதிதில், வேலை முடிந்து வரும் அவனை வாசலிலேயே மறித்து, “ஊது” என்பாள் கிருஷ்ணப்பிரியா. அவனுக்குக் கோபம் வரும். ஒருநாள் அழுதிருக்கிறான். ஒருநாள் வேண்டுமென்றே பூண்டை மென்றுவிட்டு வந்து ஊதினான். நாளாக ஆக அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவன் ஊதுவதை நிறுத்தவில்லை. கல்யாணமான புதிதில் கொடுத்த முத்தங்களைவிட இந்த மூச்சுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அவளுக்கு ஒயின் கம்பெனி வேலை கிடைத்ததும் அவனால்தான். செம்பரம்பாக்கத்தில் ஒரு கிடங்கில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஒருநாள் துறைமுகத்திலிருந்து வந்த கன்டெய்னரைத் திறந்தால் உள்ளே முழுக்க மரப் பீப்பாய்கள். பிரான்ஸிலிருந்து வந்தவை, எல்லாம் புதிது, காலி. இறக்கும்போது ஃபோர்க் உரசி ஒரு பீப்பாயின் விளிம்பில் நீளமாகக் கோடு விழுந்துவிட்டது. திட்டு விழப்போகிறதென்று பயந்து குனிந்து பார்த்தவன், பயத்தோடு பயமாக அதன் அடைப்பைக் கழற்றி மூக்கை வைத்தும் பார்த்திருக்கிறான். சரக்கு வாசனை வரவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னான். “ஜாங்கிரிக்குப் பாகு வெச்சி லைட்டா கருக வுட்டா ஒரு வாசன வருமே, அத்த மாறி கீது பிரியா.” பீப்பாய்களை எடுத்துப்போக வந்த ஒயின் கம்பெனி மேலாளரிடம், “எங்க ஊட்டுல ஃபுட் டெக்னாலஜி படிச்சிகீறாங்க சார், அம்பத்தூர்ல பிஸ்கட் கம்பெனில கீறாங்க” என்று தானாகவே பேச்சுக்கொடுத்து, விசிட்டிங் கார்டும் வாங்கி வைத்திருந்தான்.

“குடிகாரன் பொண்டாட்டிக்கு ஒயின் கம்பெனி வேலையா?” என்று அவள் தயங்கினாள்.

“குடிய வுட்டவன் பொண்டாட்டின்னு சொல்லு” என்றான் அவன்.

பெங்களூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாள். சேரும்போது அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். சுவைத்துப் பார்ப்பது வேலை. வாயில் வைப்பாள், துப்பிவிடுவாள். ஒரு மடக்குகூடத் தொண்டையில் இறங்காது. அவன் மூச்சுக்கு அவள் கொடுத்த பதில் அது. இதுவரை மீறியதில்லை.

இந்தமுறை அவள் வந்தது மாமனார் எத்திராஜின் நினைவுநாளுக்கு. ஞாயிற்றுக்கிழமை படையல். ஆனால் மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயம் வேறு. பீப்பாய் அறையின் முழுப் பொறுப்பையும் அவளுக்கே தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். தோட்டத்துக்குள்ளேயே வீடு, தமிழரசுவுக்கும் அங்கேயே கிடங்கில் வேலை. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். போனில் கேட்டபோதெல்லாம் அவன், “நேர்ல வா, பேசிக்கலாம்” என்றே சொல்லிவந்தான்.

சனிக்கிழமை மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கும் சாக்கில் அவனைக் கூப்பிட்டாள். துண்டைப் பிரித்துப் பாட்டிலைச் சாயும் வெயிலுக்கு நேரே பிடித்தாள். லேபிள் இல்லை. உள்ளே இளம் பொன்னிறம். உருக்கிய நெய்யை வடிகட்டி வைத்தாற்போல் தெளிவாக இருந்தது.

“ஒயிட் ஒயின்னு சொன்ன. மஞ்சளா கீது?”

“மரத்துல இருந்தா இந்தக் கலர் வரும். ஸ்டீல் தொட்டில வெச்சா தண்ணி மாதிரிதான் இருக்கும்.” பாட்டிலை அவன் பக்கம் திருப்பினாள். “இது உன் பீப்பாது மாமா. கோடு போட்டியே, அது.”

தமிழரசு துணிக்கொடியை விட்டு ஓரடி முன்னால் வந்தான். பிறகு நின்றுகொண்டான்.

“எல்லாப் பீப்பாயும் ஒண்ணாக் கலக்குறதுக்கு முன்னாடி இதுல மட்டும் நானே ஒரு பாட்டில் புடிச்சேன். கார்க்கும் நானே அடிச்சேன்.”

“சொல்லு. எப்டி செஞ்ச?”

அவள் சொன்னாள். மாசி மாதம், பனி விலகாத நேரத்தில் வெள்ளைத் திராட்சையைப் பறித்தது. தோல் நசுங்காமல் மெதுவாகப் பிழிந்தது. அந்தச் சாற்றை நேராகப் பீப்பாயில் விட்டதும் உள்ளே அது நொதித்து முனகியது. காதை வைத்தால் தூரத்தில் மழை பெய்வதுபோல் சத்தம். நொதித்து அடங்கியதும் ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்கும். வாராவாரம் வளைந்த கம்பியை விட்டு அந்த வண்டலைக் கலக்கிவிட வேண்டும். அதில்தான் ஒயினுக்குப் பாலாடைபோல ஒரு கொழுப்பு ஏறும். மாங்காய்ப் புளிப்பாக இருப்பது தணிந்து தயிர்ப் புளிப்பாகும். மரம் கொஞ்சம் குடிக்கும், கொஞ்சம் காற்றில் போகும். குறைந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும்.

“நீ சொன்ன ஜாங்கிரி வாசன எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? பீப்பா செய்றப்ப உள்ள நெருப்பு மூட்டிதான் பலகைய வளைப்பாங்க. அந்த மரம் லேசா வறுபடும். அந்த வாசனதான் கொஞ்சங்கொஞ்சமா ஒயின்ல இறங்கும்.”

“வாய்ல வெச்சா?”

“வறுத்த முந்திரி. வெண்ணெய். பழுத்த அன்னாசி. முழுங்கினா அப்புறம் என்ன வரும்னு எனக்குத் தெரியாது. நான்தான் துப்பிடறேனே.” பாட்டிலை நீட்டினாள். “கையில வாங்கிப் பாரேன்.”

“வாணாம் பிரியா.”

அவள் கை அந்தரத்திலேயே நின்றது. வேலையைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காதென்று வாயைத் திறந்தாள். அதற்குள் படியேறி வந்தாள் மாமியார் சாமுண்டீஸ்வரி.

“இன்னாடி அது, எண்ணெயா?”

“நாங்க செஞ்சது அத்த. திராட்சை ரசம்.”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாமியாரிடம் அவள் இப்படித்தான் சொல்லிவந்தாள். பயமுறுத்த வேண்டாமே என்றுதான்.

“ஒயினு! எதிர் ஊட்டு ஸ்டெல்லா கிறிஸ்மஸ்க்கு கேக்கோட தருவாங்களே, அதானே? அவங்க புள்ள, அந்த வாலு கிரண்கூட ஒரு கிளாஸ் குடிச்சிட்டு ஓடுவான். ஒடம்புக்கு நல்லதாமே, கலர் வருமாம்.”

“ஆமா அத்த” என்றாள் கிருஷ்ணப்பிரியா. அவள் கவனமெல்லாம் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்த தமிழரசுவின் முதுகில் இருந்தது.

*

அந்த வீட்டுப் படையலில் ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போனவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்க வேண்டும். கற்பூரம் காட்டியதும் மூத்த பிள்ளை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து முதலில் வாயில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். எத்திராஜ் பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் மூட்டை தூக்கியவர். அவருக்குப் பிடித்தது நெத்திலி வறுவல், மசால்வடை, பிராந்தி. தமிழரசு குடியை விட்டதிலிருந்து பிராந்தி இருந்த இடத்தில் மோர்தான் வைத்தார்கள்.

இந்த வருஷம் எத்திராஜின் தம்பி வரதன் விடவில்லை. “அண்ணன் கனவுல வந்தான் அண்ணி. காலி டம்ளர கையில புடிச்சிகினு வாசலாண்டயே நிக்கிறான். மோர ஊத்தி ஏமாத்துறீங்களேன்னு கேக்குறான்” என்று ஒரு வாரமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாமுண்டீஸ்வரி இரண்டு பக்கமும் இடிபட்டாள். மகனுக்கு முன்னால் பிராந்தியை வைக்க முடியாது. புருஷனைக் காலி டம்ளரோடு நிற்க வைக்கவும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வாழையிலையும் கற்பூரமும் வாங்கிவர மருமகளைக் கரையான்சாவடிக் கடைக்கு அனுப்பிவிட்டு, அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் இருந்த பாட்டிலை அவள் எடுத்தாள். எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதியோடுதான் எடுத்தாள்.

கிருஷ்ணப்பிரியா திரும்பி வந்தபோது கூடத்தில் எத்திராஜின் படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. வரதனும் அவர் மனைவி பொன்னியம்மாவும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். இலை விரித்துப் பதார்த்தங்களைப் பரிமாறியதும் மாமியார் அடுப்படியிலிருந்து எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து இலையோரம் வைத்தாள். கற்பூரம் ஏற்றினார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள்.

நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு அந்த வாசனை வந்தது. கற்பூரம், நெத்திலி, சாம்பிராணி, எல்லாவற்றையும் தாண்டி வந்தது. அவளுக்கு அது தன் உள்ளங்கை மாதிரி. அடுப்படிப் பக்கம் பார்த்தாள். மேடையில் பாட்டில் நின்றது. கார்க்கை ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளியிருந்தார்கள். அது ஒயினில் மிதந்தது.

“எட்றா தமிழு” என்றார் வரதன். “உங்கப்பனுக்கு இன்னிக்குத்தான் தாகம் அடங்கிச்சி. மொதல்ல அத்த வாயில வெய்யி.”

“இன்னா சித்தப்பா இது?”

“ஒண்ணியும் இல்ல நைனா, சாராயமில்ல” என்றாள் சாமுண்டீஸ்வரி அவசரமாக. “பிரியா செஞ்ச ரசம். ஜூஸு மாறி. ரெண்டு வாய் குட்ச்சிட்டு வெய்யி, சித்தப்பா மனசு ஆறும்.”

“பொண்டாட்டி கையால செஞ்சத குடிக்கறதுக்கு இன்னாடா யோசன?” என்று பொன்னியம்மா சிரித்தாள். “கசக்குமோ?”

தமிழரசு குனிந்து டம்ளரை எடுத்தான். முகத்தருகே கொண்டுபோனான். வாயில் வைக்கவில்லை, மூக்கில் வைத்தான். கண்களை மூடிக்கொண்டான். அவன் கட்டைவிரல் டம்ளரின் விளிம்பை ஒருமுறை சுற்றி வந்தது, இன்னொருமுறை சுற்றியது. அந்த விரலை அவளுக்குத் தெரியும். பழைய நாட்களில் முதல் மடக்குக்கு முன்னால் அது அப்படித்தான் சுற்றும்.

அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். அத்தை, அது ஜூஸ் இல்லை என்று கத்தியிருக்கலாம். எதுவும் தோன்றவில்லை. இரண்டே எட்டில் போய் அவன் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி, தன் வாயில் வைத்துக் கவிழ்த்துக்கொண்டாள்.

கார்க் துணுக்குகள் நாக்கில் ஒட்டின. தைமாதத்திலும் அந்தக் கூடத்தின் வெப்பத்தில் ஒயின் வெதுவெதுத்துப்போயிருந்தது. ஆனாலும் வெண்ணெய் வந்தது, முந்திரி வந்தது, அன்னாசி வந்தது. தொண்டையில் இறங்கிய பிறகு, அவள் இதுவரை அறியாத ஒன்று திரும்பி மேலே வந்தது. கருகிய பாகு. அது நின்றது. டம்ளர் காலியான பிறகும் நின்றது. தான் செய்த ஒயின் எப்படி முடிகிறதென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவள் ஆசைப்பட்ட விதம் இதுவல்ல.

“அய்யய்ய! மாமனாருக்குப் படைச்சத மருமவ குடிக்கிறா!” பொன்னியம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னா அண்ணி, இப்டித்தானா உங்க ஊட்ல?” வரதன் எழுந்துவிட்டார்.

“பிரியா, ஜூஸுதானேடி?” சாமுண்டீஸ்வரி மருமகளின் கையைப் பிடித்தாள்.

“இல்ல அத்த. பிராந்தில இருக்குற போதைல மூணுல ஒரு பங்கு இதுல இருக்கு. ஸ்டெல்லாக்கா தர்றதுலயும் போதை இருக்கு. நான்தான் உங்களுக்கு ஒழுங்காச் சொல்லல. என் தப்பு.”

சாமுண்டீஸ்வரி மகனைப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் ஊத்திக் குடுத்துட்டேனேடா தமிழு. என் கையாலயே ஊத்திட்டேனே.”

தமிழரசு அம்மாவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. இலையிலிருந்து ஒரு வடைத்துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். “ஆச்சு. எல்லாரும் துன்னுங்க” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

அவள் பின்னாலேயே போனாள்.

“நான் குட்ச்சிருக்க மாட்டேன்” என்றான் திரும்பாமலே.

“தெரியும்.”

“தெரியும்னா எதுக்குப் புடுங்கின? சித்தப்பா, சித்தி, எங்கம்மா, அல்லாரும் பாக்க? இனிமே ஊரு பூரா இன்னா பேசும்? தமிழு கையில டம்ளர் வந்தா அவன் பொண்டாட்டிதான் புடுங்கணும்னு பேசும். மூணாவது வர்சம் பிரியா. ஒரு நிமிசம் பொறுத்தியா?”

“பயந்துட்டேன் மாமா.”

“அப்ப நீ என்ன நம்பல.”

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாயைத் திறந்தால் அந்த வாசனை வருமென்று பயந்தாள். கீழே பாத்திரம் கழுவுமிடத்தில் மாமியார் மீதி ஒயினைக் கொட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஒரு குடம், இன்னொரு குடம். மாதக்கணக்கில் மரத்துக்குள் சேர்ந்த வாசனை அவ்வளவு சீக்கிரம் போகாது, மாடிவரை வந்தது. தமிழரசு மாடியின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டான்.

*

மாலை பூந்தமல்லிக்கு அவனே கொண்டுவந்து விட்டான். மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தடுப்புகளுக்குள் லாரிகள் ஒன்றையொன்று ஒட்டி நகர்ந்தன. வண்டி நின்று நின்று போனபோதெல்லாம் அவள் கை அவன் தோளைத் தொடுவதா வேண்டாமா என்று தடுமாறியது.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு சோடாக் கடை ஓரமாக நின்றார்கள். அவன் பையிலிருந்து இஞ்சி மொரப்பா எடுத்தான். வாயில் போடாமல் காகிதத்தைப் பிரித்து மடித்துக்கொண்டே இருந்தான்.

“குட்ச்சிருப்பேன்” என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

“மத்தியானம் சொன்னது பொய். டம்ளர எடுத்தப்ப வாணாம்னுதான் எடுத்தேன். ஒரே ஒரு தபா மோந்து பாத்துட்டு வெச்சிடலாம்னு. மோந்தேன் பாரு, அந்தப் பாகு வாசன வந்துச்சி. உன் பீப்பாடா இதுன்னு உள்ள ஒருத்தன் சொன்னான். சாராயம்னாத்தான் தப்பு, இது உன் பொண்டாட்டி வளத்த கொயந்த, இத்த தள்ளுவியா நீன்னு கேட்டான். அவன் பழைய ஆளு பிரியா. முன்னாடியெல்லாம் ஒடம்பு வலி, மனசு கஸ்டம்னு சொல்லிகினு வருவான். இப்ப உன் பேர சொல்லிகினு வந்துட்டான்.”

அவளுக்குக் கண் நிறைந்தது. “நான்தான் அதைக் கொண்டாந்தேன். உனக்குக் காட்டணும்னு ஆசை. உன் கையிலதான் ஆரம்பிச்சது அது.”

“காமிச்சது தப்பில்ல.” பிறகு அவள் பக்கம் குனிந்து மெதுவாக, “ஊது” என்றான்.

“மாமா…”

“ஊது பிரியா.”

இத்தனை நாளில் அவன் கேட்டு அவள் ஊதியதில்லை. வெட்கத்தில் கூனிக் குறுகினாள். இப்படித்தான் அவனுக்கும் இருந்திருக்குமோ, வாசலில் நின்ற அந்த முதல் நாட்களில்? கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

“இன்னும் கீது” என்றான். உடனே ஓரடி பின்னால் நகர்ந்து மொரப்பாவை வாயில் போட்டுக்கொண்டான். அந்த ஓரடியை அவள் பார்த்தாள். அவள் கேட்க வேண்டியிருந்த கேள்விக்குப் பதில் அதிலேயே இருந்தது.

“தோட்டத்துக்குள்ள இருக்குற வீடு வேணாம்” என்றாள் அவளே. “வேலைய எடுத்துக்கறேன். வீடு வேணாம்னு நாளைக்குச் சொல்லிடறேன்.”

“நான் வர்ல பிரியா. இப்ப வர்ல. அந்தப் பீப்பாங்களுக்கு நடுவுல படுத்து எந்திரிக்கிற தெம்பு எனுக்கு இன்னும் வர்ல. எப்ப வரும்னும் தெர்ல.”

“தெரியாட்டிப் பரவால்ல.”

“உனுக்குக் கோவமா?”

“வருத்தம். கோவமில்ல.” அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். “அத்தைகிட்டப் பேசு மாமா. மத்தியானத்துலேர்ந்து சோறே சாப்பிடல. நீ போய் உக்காந்தாத்தான் சாப்பிடுவாங்க.”

தலையாட்டினான். பெங்களூர் வண்டி வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாட்டில் இல்லாத பை எடையில்லாமல் மடியில் கிடந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். நடத்துனர் விசிலடித்தார்.

வண்டி நகர ஆரம்பித்தபோது தமிழரசு இரண்டு எட்டு கூடவே நடந்து, முகத்தைக் கம்பியருகே கொண்டுவந்து ஊதினான். இஞ்சி. அதற்கு அடியில் வெறும் தமிழரசு. அவள் தலையசைத்தாள். அடுத்தமுறை அவன் இப்படி ஊதுவதற்கு நடுவில் இரண்டு வாரம் கிடந்தது. அந்த நாட்களில் வாசலில் நின்று கேட்க யாரும் இல்லை. அவன் கூட்டத்தில் மறையும்வரை ஜன்னலில் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தொண்டையில் அந்தப் பாகு வாசனை இன்னும் போகவில்லை.